கறிக்கடைக்காரர் வீட்டில் சோயா

டிப்போவில் அவளுக்குப் பெயர் ஸ்டியரிங் அக்கா. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் அவள் அங்கே வந்து சேர்ந்தது டிரைவராக இல்லை, பஸ் கழுவுகிற வேலைக்கு. கழுவிய வண்டியை வரிசையில் கொண்டுபோய் நிறுத்த டிரைவர் யாராவது வரவேண்டும். வருகிறவர் டீ குடித்து, பேப்பர் படித்து, ஆற அமர வருவார். அதுவரை ஈரத்துணியோடு நின்று நின்று அவளுக்கு அலுத்துப்போயிற்று. ஒரு நாள் தானே ஏறி உட்கார்ந்தாள். கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு வந்து மிதித்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அப்படி ஆரம்பித்த ஓட்டம் அது.

பெரிய வண்டி லைசென்ஸுக்குப் போனபோது ரிவர்ஸ் எடுக்கையில் கம்பத்தை இடித்துத் தோற்றாள். மறுபடியும் போனாள், மறுபடியும் அதே கம்பம். அதன் பிறகு டிப்போவின் பின்பக்கம் ஒரு துடைப்பத்தை நட்டுவைத்து, பழைய வண்டி ஒன்றைப் பின்னால் எடுத்து எடுத்துப் பழகினாள். அடுத்த முறை கம்பத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் விட்டு நிறுத்தினாள். பரீட்சை வைத்தவர் இறங்கிவந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பிடித்தால் விடாதவள் என்ற பேர் அன்றைக்கு வந்தது.

கட்டிக்கொண்டவர் கறிக்கடைக்காரர். தெருமுனையில் கடை. விடிவதற்குள் திறந்து மத்தியானத்துக்குள் மூடிவிடுவார். இவள் ஷிப்ட் முடிந்து வருவதற்குச் சாயங்காலம் ஆகும் என்பதால் வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். தொடையில் எந்த இடம், மார்பில் எந்த இடம் என்று பார்த்து, விற்பதற்கு முன்னாலேயே வீட்டுக்கென்று ஒரு துண்டை ஒதுக்கிவிடுவார். அவருக்குக் கொஞ்சிப் பேச வராது. நல்ல துண்டு தட்டில் விழுந்தால் அதுதான் கொஞ்சல். ஒரே மகள் கல்யாணமாகித் தூரமாகப் போய்விட்டாள். மிச்சம் இருந்த இரண்டு பேருக்கும் வீட்டில் பேச்சைவிடச் சாப்பாடுதான் அதிகம்.

ஐம்பதைத் தாண்டியதும் அவளுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே ஆகி, பிறகு ஒரேயடியாக நின்றுபோனது. நிற்கிற காலத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிக்னலில் வண்டி நிற்கும்போது காரணமே இல்லாமல் கழுத்திலிருந்து சூடு கிளம்பி உச்சந்தலைக்கு ஏறும். யூனிபாரம் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அவளோடு ஒரே பஸ்ஸில் போகிற கண்டக்டர் பெண் பின்னாலிருந்து ஒரு ஈரத்துண்டை நீட்டுவாள். எல்லாம் ஓய்ந்தபோது, "அப்பாடா, ஒரு தொல்லை விட்டுது" என்று ஸ்டியரிங் அக்கா நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது, அவளுடைய சொந்த அக்காவால்.

அக்கா அவளைவிட மூன்று வயது மூத்தவள், தையல்காரி. மூன்றாவது மாடியில் குடியிருப்பு. ஒரு நாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தாடையில் வலி பிடித்தது. முதுகில் யாரோ மூட்டையை வைத்த மாதிரி ஒரு பாரம். வாயு என்று நினைத்துச் சுடுதண்ணீர் குடித்தாள். நெஞ்சு வலிக்கவே இல்லையாம், அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சும்மா எட்டிப் பார்க்க வந்த தங்கைதான் அந்த முகத்தின் நிறத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "எனக்கு ஒண்ணுமில்லடி, தலையைச் சுத்துது, அவ்வளவுதான்" என்றவளை ஏறக்குறைய தூக்கிக்கொண்டு இறங்கி, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தப்பியது.

இதயநோய் டாக்டர் ஒரு பெண்மணி, குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். வார்டு வாசலில் தங்கையைப் பார்த்து, "நீங்க கூடப் பிறந்தவங்களா? உங்க ரத்தத்தையும் பார்த்துடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்தெட்டு. நூறுக்குள் இருக்கவேண்டியது.

"நான் குண்டா இல்லையே டாக்டர்" என்றாள் ஸ்டியரிங் அக்கா.

"குண்டா இருக்கணும்னு அவசியமில்ல. மாதவிலக்கு நிக்கிற வரைக்கும் உடம்புல ஒரு ஹார்மோன் காவல்காரன் மாதிரி நிக்குது. அது குறைஞ்சதும் கெட்ட கொழுப்பு ஏற ஆரம்பிச்சுடும். நிறையப் பேருக்கு இப்படி ஏறுது, யாரும் பார்த்துக்கறதில்ல. சாப்பாடு எப்படி?"

அவள் சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தவர், "தினமுமா?" என்றார்.

"அவர் கறிக்கடை வெச்சிருக்கார், டாக்டர்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசினார். ஸ்டியரிங் அக்கா வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். அவளுக்கு மாத்திரை என்றாலே படுக்கையில் கிடந்த அக்காதான் கண்ணில் நின்றாள். சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிறேன், கொஞ்ச நாள் கொடுங்கள் என்றாள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்ததால் டாக்டர் மூன்று மாதம் கொடுத்தார்.

"கறியை நிறுத்திட்டு அந்த இடத்துல சோயா சாப்பிடுங்க. பீன்ஸ், சோயா பால், சோயா பனீர், எது முடியுதோ அது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், சோயா மந்திரம் இல்ல. அதால மட்டும் கொழுப்பு நூத்துக்கு மூணு நாலு பங்கு குறைஞ்சா பெரிசு. கறியில இருக்கிற கொழுப்பு உள்ளே போகாம இருக்கு பாருங்க, அதுலதான் பாதி பலன்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கறிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சோயான்னா, அந்தப் பஞ்சு உருண்டையா?"

"அதேதான்."

"நம்ம வீட்டுலயா?"

"நம்ம வீட்டுலதான்."

அவர் மறுபடியும் தீட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு அந்தக் கத்தி அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டது.

முதல் வாரம் ஒரு கூத்து. உருண்டைகளை ஊறப்போட்டுப் பிழியாமல் அப்படியே குழம்பில் போட்டார். கடித்தால் வாய்க்குள் வெந்நீர் பீய்ச்சியடித்தது. இரண்டாம் நாள் பிழிந்து போட்டார், ரப்பராக இருந்தது. ஸ்டியரிங் அக்கா முகத்தைச் சுளிக்காமல் மென்று விழுங்கினாள். ஆனால் விழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அவர் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். போதாததற்குக் கடைக்கு வருகிற ஒருவர், சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு மீசை கொட்டி மார்பு வளரும் என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். ருசி பார்த்ததற்கே கறிக்கடைக்காரர் கொஞ்ச நாள் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நின்றார். அவள் அடுத்த தடவை அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்து, "சாப்பாட்டு அளவுல அப்படி ஒண்ணும் ஆகாதாம். உங்க மீசை உங்ககிட்டயே இருக்கும்" என்றாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து சமையல் திடீரென்று தேறிவிட்டது. குழம்பில் ஒரு மணம், உருண்டையில் ஒரு சாரம். டிப்போ கேன்டீனில் அவள் டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேஜையிலிருந்து தலைகள் திரும்பின. கண்டக்டர் பெண் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, சத்தியமா கறி மாதிரியே இருக்கு" என்றாள். ஸ்டியரிங் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சோயாவைக் குறை சொன்ன மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினாள். "செய்யற விதத்துல செஞ்சா எல்லாம் ருசிக்கும்" என்று உபதேசம் வேறு. வெளியே ஒரு வாய்கூடக் கறி தொடவில்லை. டிப்போவில் பிரியாவிடை விருந்து ஒன்று நடந்தது, அதிலும் சாலட்டைக் கொறித்துவிட்டு எழுந்து வந்தாள். ஷிப்ட் முடிந்ததும் டிப்போவைச் சுற்றி நடை வேறு.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தாள். வெற்றி நிச்சயம் என்ற நினைப்பில் கண்டக்டர் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

நூற்று எண்பத்தொன்று.

முதலில் வேறு யாருடைய ரிப்போர்ட்டோ என்று நினைத்தாள். டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கறி சாப்பிட்டீங்களா?" என்றார்.

"என் பொண்ணு மேல சத்தியமா இல்ல, டாக்டர்."

"நம்பறேன். சிலருக்கு என்ன பண்ணாலும் இறங்காது, உடம்பு வாகு அப்படி. ஆனா ஒண்ணு கேக்கறேன். சமைக்கிறது எதுல? எண்ணெய் என்ன?"

"அவர்தானே சமைக்கிறார். நான் கேட்டதில்ல."

சொன்ன மறுநொடி கண்டக்டர் பெண்ணும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கறி மாதிரியே இருக்கு என்று சொன்ன வாய் அங்கேதான் இருந்தது.

அன்றைக்கு லீவு போட்டிருந்ததால் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே வாசனை வந்தது. அடுப்பங்கரையில் கறிக்கடைக்காரர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் வெள்ளைவெளேரென்று உறைந்த ஆட்டுக்கொழுப்பு. ஒரு கரண்டி எடுத்து வாணலியில் விட்டார். அது உருகிச் சலசலத்ததும் பிழிந்த சோயா உருண்டைகளை அதில் கொட்டினார். பக்குவமாகப் புரட்டினார். எவ்வளவு அக்கறை அந்தக் கையில்.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் திரும்பினார். கரண்டியை மறைக்க இடமில்லை.

"ஒரு கரண்டிதான்" என்றார்.

"தினமுமா?"

"தினமும்."

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"முதல் வாரம் நீ சாப்பிட்ட முகத்தை நீ பார்க்கல. நான் பார்த்தேன்" என்றார். "ஊர்ல யார் யார் வீட்டுக்கோ நல்லதா வெட்டிக் குடுக்கறேன். என் வீட்டுல நீ கண்ணை மூடிக்கிட்டு முழுங்கற. என்னால தாங்க முடியல. கறி போடக்கூடாதுன்னுதானே சொன்ன, கறி போடலையேன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா, நினைச்ச மாதிரி இருந்துக்கிட்டீங்களா?"

அவர் கரண்டியை மேடைமேல் வைத்தார்.

"எனக்குப் பின்னாடி ஒரு பஸ் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும். மேம்பாலத்துல போகும்போது அக்காவுக்கு வந்த மாதிரி எனக்கு வந்தா, நான் மட்டும் போகமாட்டேன். கைக்குழந்தையோட ஏறுறவ இருக்கா, கண்ணு தெரியாதவர் ஒருத்தர் தினமும் முன்சீட்ல உட்காருவார். அவங்களையும் சேர்த்துத்தான் நீங்க அந்த டின்னுக்குள்ள கரண்டி விட்டது."

குரல் உயரவே இல்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது. அவள் வாணலியில் இருந்ததை அப்படியே குப்பையில் கொட்டினாள். டின்னை மூடி அவர் கையில் கொடுத்தாள். "கிளம்புங்க. அக்கா வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

"இப்பவா?"

"இப்பவேதான்."

அக்கா கீழே மருந்துக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சேர்ந்தே படி ஏறினார்கள். லிஃப்ட் கிடையாது. முதல் மாடியில் அக்கா நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே ஏதோ பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தாள். மூச்சு விசில் மாதிரி வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஏறினாள், மறுபடி நின்றாள். ஒரு காலத்தில் தலையில் துணிமூட்டையோடு இதே படியில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியவள்.

"நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை. நான் என் வண்டியை மெதுவாத்தான் ஓட்டணும்" என்று சிரித்தாள்.

"அவசரமில்ல அண்ணி" என்றார் கறிக்கடைக்காரர். அவளுடைய மருந்துப் பையை வாங்கிக்கொண்டார். அக்கா நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வைத்துவிட்டு வந்தார்.

"டாக்டர்கிட்ட இன்னும் மூணு மாசம் கேளு" என்றார்.

டாக்டர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. நடந்ததைக் கேட்டபோது அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு, "சரி. இதுதான் கடைசி. இதுக்கப்புறம் நான் சொல்றதை நீங்க கேக்கணும்" என்றார். ஸ்டியரிங் அக்கா தலையாட்டினாள்.

இந்தத் தடவை கறிக்கடைக்காரர் சோயாவை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினார். காய்ந்த சோயா பீன்ஸை ஊறவைத்து, தோலைத் தேய்த்து எடுத்து, அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்தார். முதல் நாள் காய்ச்சும்போது ஒரு நிமிடம் திரும்பினார், நுரை பொங்கி அடுப்பு, மேடை, அவர் செருப்பு எல்லாம் அபிஷேகம். பச்சை வாடை போகக் கொதிக்கவிட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. பாலில் எலுமிச்சை பிழிந்து திரிந்ததைத் துணியில் கட்டி, மேலே கடையில் இருந்த எடைக்கல்லைத் தூக்கி வைத்தார். எடை குறைந்தால் பனீர் உதிர்ந்தது, ஏறினால் பலகையானது. கறியில் எலும்புக்கும் சதைக்கும் நடுவே கத்தி போகிற வழி தெரிந்தவருக்கு இது பிடிபட எவ்வளவு நாள் ஆகும்? கொஞ்ச நாளில் மெல்லிய துண்டுகளாக வெட்டி, பூண்டும் மிளகும் அரைத்துத் தடவி, துளி எண்ணெயில் தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தார்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். கண் திறந்தே இருந்தது. அவர் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

"கறி மாதிரி இல்ல" என்றாள்.

அவர் முகம் வாடியது.

"சோயா மாதிரி இருக்கு. நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு போடுங்க."

டிப்போவில் இப்போது யாரும் அவள் டப்பாவை எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கு அதுவே நிம்மதி. மெக்கானிக்குகள் கேலி செய்தார்கள். "என்ன அக்கா, ருசியெல்லாம் ரிட்டையர் ஆயிடுச்சா?" என்றார் ஒருவர். "ஆமா, நான் ஆகக்கூடாதுன்னு அது ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். சலித்துப்போன நாட்கள் உண்டு. தெருவில் யார் வீட்டிலோ கறி வறுக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்தபோது நாக்கு ஊறி, ஜன்னலைச் சாத்திய நாளும் உண்டு. கறி வெட்டிவிட்டு வருகிற மனுஷனின் சட்டையில் அந்த வாடை இருக்கும். அவர் இப்போதெல்லாம் வந்ததும் குளித்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குள் வந்தார்.

மூன்றாவது தடவை ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு பேருமாகப் போனார்கள். நூற்று நாற்பத்தொன்பது.

கறிக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். டாக்டர் உட்காரச் சொன்னார்.

"நல்லா இறங்கியிருக்கு. சாப்பாட்டால இவ்வளவு இறங்குறதே அபூர்வம். ஆனா இவங்களுக்கு இது போதாது. கூடப் பிறந்தவங்களுக்கு அறுபதுக்கு முன்னாடியே அடைப்பு வந்திருக்கு. நூறுக்குப் பக்கத்துல கொண்டு வரணும். மாத்திரை வேணும், சின்ன அளவு."

"அப்போ இத்தனை நாள் அரைச்சது, பிழிஞ்சது எல்லாம் வீணா?" என்றார் அவர்.

"எப்படி வீணாகும்? அது தன் பங்கைச் செஞ்சுடுச்சு. மாத்திரையைச் சின்னதா ஆரம்பிக்க முடியுதே, அதுக்கு நீங்கதான் காரணம். ஆனா சாப்பாட்டை விட்டுடக்கூடாது, ரெண்டும் சேர்ந்து போகணும்."

இரண்டு பேரும் ஸ்டியரிங் அக்காவைப் பார்த்தார்கள். முதல் நாள் மாத்திரையே வேண்டாம் என்று அடம்பிடித்தவள். தோற்றுப்போன மாதிரி அவளுக்கு இருந்தது நிஜம். எவ்வளவு கட்டுப்பாடு, எவ்வளவு நடை. அப்புறம் யோசித்தாள். மாத்திரை சாப்பிடக்கூடாது என்பதற்காகவா இதை ஆரம்பித்தோம்? அடைப்பு வரக்கூடாது என்பதற்காக. ஏற்றத்தில் ஒரு கியரில் இழுக்காவிட்டால் இன்னொரு கியர் போடுவோம், யாரும் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை.

"எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள். "எப்போ போடணும், எதாவது வலி கிலி வந்தா யார்கிட்ட சொல்லணும், எல்லாம் சொல்லுங்க. ஒரு நாள்கூட விடமாட்டேன்."

டாக்டர் எழுதிக்கொடுத்தார். எழுந்திருக்கும்போது ஸ்டியரிங் அக்கா தன் புருஷனைக் காட்டி, "இவருக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்றாள்.

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லா இருக்கீங்களான்னுதான் பார்க்கச் சொல்றேன்."

அடுத்த நாள் காலையில் அவரை வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போய் ஊசிக்குக் கை நீட்டவைத்தாள். ஆட்டை ஒரே வெட்டில் பிரிக்கிறவர், ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வந்த எண் அவளுடைய முதல் எண்ணைவிடக் கூட. டாக்டர் ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்திருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பயந்து அவள் பார்த்ததில்லை.

"பயப்படாதீங்க" என்றாள் அவள், அவர் தோளில் கை வைத்து. "எனக்குப் பாதை பழகிடுச்சு. பின்னாடியே வாங்க."

இப்போது அந்த வீட்டில் இரண்டு தட்டிலும் ஒரே சாப்பாடுதான். அவர் கடையைத் தொடர்ந்து நடத்துகிறார், அதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அவளுடைய எண் நூறைத் தொட்டது. டிப்போ மருத்துவச் சோதனையில் தேறி, மேம்பாலம் வழியாகப் போகிற அதே தடத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.